நெசவுத் தெருவுக்கு ஏற்ற சைலன்சர்

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாவது வரை. மீதியை லேத்தில் படித்தேன். அதனால் நீளமாக எழுத வராது. ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரே ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பொம்மை விமானத்தின் இன்ஜினுக்கு சைலன்சர் செய்த வேலை. நீங்கள் இன்றைக்குச் செய்கிற அதே சாமான்தான். உங்கள் கைக்குப் படமும் அளவும் வந்துவிடுகின்றன. எனக்கு இன்ஜின் மட்டும் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் டர்னராக இருந்தேன். கிணற்று பம்ப்செட் இன்ஜின்தான் எங்களுக்குச் சோறு. மாகறல், கூரம் பக்கத்துக் குடியானவர்கள் வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். நடுநடுவே தறிச் சாமான் வரும். கொக்கி, ஊசி, தேய்ந்துபோன அச்சு. இதைத் தவிர வேறு வேலை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நெற்றியில் நாமம். சட்டையில் விளக்கெண்ணெய் வாசம். துணிப்பையிலிருந்து ஒரு இன்ஜினை எடுத்து என் மேஜையில் வைத்தார். எலுமிச்சம்பழம் அளவு. அதிலும் பிஸ்டன் இருந்தது, சிலிண்டர் இருந்தது, கிராங்க் இருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. புகை போகிற வழி மட்டும் வெறும் ஓட்டையாகத் திறந்து கிடந்தது.

"முனுசாமி, இது கத்தறது. கத்தாம பண்ணணும்."

"இன்னா சார் இது, விளையாட்டுச் சாமானா?"

"விளையாட்டுச் சாமான்னு நீயும் சொல்லிட்டியா? ஹெட்மாஸ்டர் ஒருத்தர் போறாதா?" என்று சிரித்தார்.

பள்ளிக்கூடத்தில் விமானம் செய்கிற வகுப்பு ஒன்றை அவர் நடத்தினார். பால்சா மரம், சன்னக் காகிதம், கோந்து. செய்ததைப் பறக்கவும் விடுவார். ரேடியோ எல்லாம் கிடையாது. விமானத்தின் ஒரு பக்க இறக்கையிலிருந்து இரண்டு கம்பிகள் வரும். அவற்றை ஒரு கைப்பிடியில் கட்டிக்கொண்டு ஆள் நடுவில் நிற்பார். விமானம் அவரைச் சுற்றிச் சுற்றி வரும். அவரும் கூடவே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். கைப்பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். ஆனால் நடுவில் இன்ஜினை நிறுத்த வழி கிடையாது. எண்ணெய் தீர்ந்தால்தான் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

பறக்கவிட்ட இடம் ஒரு நெசவுத் தெருவின் பின்பக்க மைதானம். அது சர்க்கார் இடம்தான். ஆனால் விடியற்காலையில் அந்தத் தெருக்காரர்கள்தான் அங்கே பாவு, அதாவது சேலைக்கான நீளவாட்டு இழைகளை, நீட்டிக் கட்டுவார்கள். அவர்கள் கூடாது என்று சொல்லிவிட்டால் பள்ளிக்கூடம் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. கூடாது என்று சொல்லும் நிலைக்கு அவர்கள் வந்திருந்தார்கள்.

காரணம் வெறும் இரைச்சல் அல்ல. அந்தத் தெருவில் கோர்வைச் சேலை நெய்வார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். ஒரே தறியில் இரண்டு பேர். புருஷன் உடலுக்கான நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளிவிட்டு "வுடு" என்பான். கரைப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெண்சாதி தன் நாடாவை விட்டு, இழையைக் கோத்து, "ஆச்சு" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அவன் மிதியை மிதிக்க வேண்டும். கேட்காமல் மிதித்தால் இழை மாறிவிடும். பிரித்துத்தான் எடுக்க வேண்டும். நாள் முழுக்க இரண்டு பேருடைய குரலில்தான் அந்தச் சேலை வளர்கிறது. மைதானத்தில் இந்த எலுமிச்சம்பழம் கத்த ஆரம்பித்தால் தெருவில் ஒரு "ஆச்சு"வும் கேட்காது.

தெரு நாட்டாமை ஏகாம்பரம் எங்கள் பட்டறைக்குத் தெரிந்த ஆள். கொக்கி வாங்க வந்தவர், வாத்தியாரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வாத்தியாரே, உங்க வண்டு மறுக்காவும் வந்துதுன்னா துரட்டி போட்டு இழுத்துடுவேன். ஆமா."

"ஏகாம்பரம், பசங்க படிக்கறா அதுல."

"படிக்கட்டும். எங்க தெருவுல இன்னாத்துக்குப் படிக்கறாங்க? அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்னிக்கு வந்து வுட்டுக்கோங்க."

"அமாவாசைக்கு அமாவாசை வரதுக்கு அது என்ன காக்காவா?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரமும் சிரித்தார். ஆனால் இறங்கி வரவில்லை. தெருவிலிருந்து ஏற்கெனவே இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது தடவை யாராவது வந்தால் வகுப்பை மூடிவிட்டு எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதாக ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். ஊருக்குள் அவ்வளவு பெரிய காலி இடம் வேறு இல்லை.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சத்தத்தைக் குறைத்து, தெருக்காரர்கள் முன்னால் ஒரு காலையில் பறக்கவிட்டுக் காட்டுவது. அவர்கள் சரி என்றால் இருக்கலாம். வேண்டாம் என்றால் போக வேண்டும்.

ஏகாம்பரம் போன பிறகு வாத்தியார் இன்ஜினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது போயிடுத்துன்னா எனக்கு வெறும் அல்ஜீப்ராதான்யா."

அதை மறுபடி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

சைலன்சரைத் தேர்ந்தெடுப்பதில் முதல் விஷயம் எடை. சத்தம் அதற்கு அப்புறம். நான் முதலில் செய்தது பித்தளை. ஸ்டவ் பம்ப்பின் குழாயை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி, ஓட்டை போட்டேன். சத்தம் நன்றாகக் குறைந்தது. ஆனால் விமானத்தின் மூக்கு கனத்துவிட்டது. வாத்தியார் மேலே இழுத்தால் அரை மனதாக ஏறியது. அதைக் கழற்றிவிட்டோம். அடுத்தது தகரம். எடை இல்லை. ஈயப் பற்று வைத்து ஒட்டியிருந்தேன். இன்ஜின் சூட்டில் பற்று உருகி, சைலன்சர் தனியாகப் பறந்து போய் விழுந்தது. வாத்தியார் அதைத் தேடி எடுத்து வந்து, "இது என்னைவிட நன்னாப் பறக்கறது" என்றார்.

மூன்றாவது அலுமினியம். பழைய மோட்டார் சைக்கிள் பிஸ்டன் ஒன்றைக் கடைந்தேன். முன்பக்கம் ஒரு அறை. பின்பக்கம் மரை போட்ட மூடி. கழற்றி உள்ளே பார்க்கலாம். நடுவில் துளை போட்ட ஒரு தட்டு. விமானத்தில் ஆளுக்கு எதிரான வெளிப்பக்கம் வருகிற மாதிரி மாட்டினேன். உள்பக்கம் மாட்டினால் எடை ஆளை நோக்கி இழுக்கும். கம்பி தொய்யும். கம்பி தொய்ந்தால் விமானம் உங்கள் பேச்சைக் கேட்காது. எண்ணெய் வரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஊசியையும் ஒரு கால் திருப்பு மாற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது சத்தம் பாதிக்கு வந்திருந்தது.

காட்டுகிற நாள் வந்தது. காலை வெயில். முந்தின நாள் பெய்த மழையில் மைதானத்தின் ஒரு பக்கம் சேறு. பாவு எல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏகாம்பரமும் தெருப் பெரியவர்கள் சிலரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். மற்ற வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

விமானத்தைப் பிடித்துக்கொண்டு விடுகிற வேலை என்னுடையது. வாத்தியார் நடுவில் போய்க் கைப்பிடியை எடுத்தார். தலையை ஆட்டினார். விட்டேன்.

நன்றாகத்தான் பறந்தது. எண்ணெய் தீர்ந்து தரையில் உருண்டு நின்றது. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். அவர் பார்த்த முகம் ஏகாம்பரத்தின் முகம் மட்டும்தான்.

ஏகாம்பரம் காதைத் தேய்த்துக்கொண்டார். "முன்னைக்கு இப்ப எவ்ளோவோ தேவல. இல்லன்னு சொல்லல. ஆனா கேக்குதே வாத்தியாரே."

பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், "கேக்காம எப்பிடிப்பா இருக்கும், மிஷினாச்சே" என்றார்.

"இன்னும் கொஞ்சம் அமுக்கணும்" என்றார் ஏகாம்பரம். திடீரென்று அவருக்கே ஒரு யோசனை வந்துவிட்டது. "இரு இரு. தறி மேல இருக்குற ஜக்கார்டு பெட்டி தடதடங்கும்போது நாங்க இன்னா பண்றோம்? இத்த வெச்சி அடைக்கிறோம். சத்தம் கப்புன்னு நின்னுடும்." இடுப்பில் செருகியிருந்த ஒரு உருண்டையை எடுத்து நீட்டினார். பட்டுக் கழிவு நூல். அந்தத் தெருவில் அதை வைத்து எல்லாவற்றையும் அடைப்பார்கள். ஆடுகிற கதவு, ஓட்டைத் தொட்டி, கடிக்கிற செருப்பு. "உள்ளாற வெச்சிப் பாரு முனுசாமி."

வாத்தியார் என்னைப் பார்த்தார். "என்னப்பா?"

"சூடேறும் சார்" என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு தடவை பறக்கறதுக்குத் தாங்கும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இது வரும். வாடிக்கைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு தானே ஒரு யோசனை சொல்வார். வேலைக்கு அது நல்லதில்லை என்று உங்களுக்குத் தெரியும். நாட்டாமை தன் தெரு ஆட்கள் பார்க்கத் தன் கையால் ஒன்றைக் கொடுக்கிறார். அதை வேண்டாம் என்று தள்ளினால் அவர் வாயிலிருந்து சரி என்ற வார்த்தை வராது. வாங்கி வைத்தால் இன்ஜின் சூடேறும். சூடேறின இன்ஜினை ஆற வைக்கலாம். ஏகாம்பரத்தை ஆற வைக்க என்னால் முடியாது. வாங்கினேன். மூடியைக் கழற்றிக் கொஞ்சம் உதறி, தளர்வாக உள்ளே வைத்து மூடினேன். அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் நான் போட்டது இன்ஜினுடைய கணக்கு மட்டும். தெருவுடைய கணக்கு வேறு ஒன்று இருந்தது. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, தெருக்காரர்கள் உட்பட.

இரண்டாவது தடவை விட்டேன்.

சத்தம் இல்லை. ராட்டை சுற்றுகிற அளவுக்கு ஒரு முனகல், அவ்வளவுதான். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் என் முதுகில் ஒரு அடி போட்டார்.

"பாத்தியா? வாத்தியாருக்கும் தெரியல, டர்னருக்கும் தெரியல. நெய்யறவனுக்குத் தெரிஞ்சிது!"

எனக்கும் சந்தோஷம்தான். விமானம் கொஞ்சம் சோர்ந்து பறந்தது. உள்ளே அடைப்பு இருந்ததால் இன்ஜினுக்குப் பழைய பலம் இல்லை. தாழ்வாக, ஆள் உயரத்தில் சுற்றியது. அப்போதுதான் வாசனை வந்தது.

பட்டைக் கொளுத்தினால் முடி கருகுகிற வாசம் வரும். அசல் பட்டா போலியா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கிற ஊர் எங்கள் ஊர். பிறந்த குழந்தைக்குக்கூட அந்த வாசம் தெரியும். ஒரு இழை எரிந்தால் வியாபாரம். ஒரு இழைக்கு மேல் வாசம் வந்தால் எங்கேயோ தறி வீடு எரிகிறது என்று அர்த்தம். ஓலைக் கூரை, உள்ளே பட்டு, பாவு, கடனுக்கு வாங்கின ஜரிகை. ஒரு வீடு பிடித்தால் வரிசையே போய்விடும்.

காற்று தெருப்பக்கம் அடித்தது. மைதானத்தில் நின்ற எங்களுக்கு அது சைலன்சரின் வாசம் என்று தெரிந்தது. வீட்டுக்குள் தறியில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

முதலில் ஒரு பெண் குரல். "எரியுது! எரியுது!" பிறகு தெரு முழுக்கத் தறிச் சத்தம் நின்றது. கதவுகள் திறந்தன. குடம் உருளுகிற சத்தம். மற்றவர்கள் எல்லாம் தெருப்பக்கம் ஓடினார்கள். ஏகாம்பரத்தின் வீட்டுப் பின்கதவு மட்டும் மைதானத்தின் பக்கம் திறந்தது. அவர் மனைவி கன்னியம்மா இடுப்பில் நிறைகுடத்தோடு வெளியே வந்தாள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் சாயப் பட்டறை. தெருவில் பாதிப் பேருடைய பட்டு அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. அதுதான் எரிகிறது என்று நினைத்துவிட்டாள். நேராக மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தாள்.

முதல் தடவை விமானம் பறந்ததும் நின்றதும் உள்ளே அவளுக்குக் கேட்டிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அவள் பார்வை சாயப் பட்டறை மேலேயே இருந்தது.

வாத்தியாரின் முதுகு அவள் பக்கம் இருந்தது. அவர் விமானத்தை மட்டும்தான் பார்க்க முடியும். அது அவரைச் சுற்றி அவள் வருகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்கம் நின்றேன்.

ஏகாம்பரம் கத்தினார். "கன்னியம்மா! ஏய், கன்னியம்மா!"

புருஷன் கூப்பிடுகிறான், சீக்கிரம் வா என்கிறான் என்று நினைத்தாள். இன்னும் வேகமாக ஓடினாள்.

மேலே ஏற்றச் சொல்லலாம். ஆனால் சோர்ந்துபோன இன்ஜின் அவள் தலைக்கு மேல் ஏறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவளை நோக்கி நான் ஓடலாம். போய்ச் சேரமாட்டேன். கம்பி என்னையும் அறுக்கும். காரணம் சொல்ல நேரம் இல்லை. "யாரோ வர்றாங்க" என்று சொன்னால் வாத்தியார் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்த்தால் கை ஆடும்.

ஒரே ஒரு சொல் கத்தினேன்.

"கீழே!"

அவர் திரும்பவில்லை. என்ன ஏது என்று கேட்கவில்லை. கைப்பிடியை அப்படியே கீழே சாய்த்தார். விமானம் மூக்கு குத்திச் சேற்றில் இறங்கியது. இறக்கை ஒன்று தனியாகப் பிய்ந்துகொண்டு போயிற்று. விமானம் குத்திய இடம் கன்னியம்மா நின்ற இடத்துக்குக் கை எட்டும் தூரம்.

குடம் நழுவி அவள் காலடியில் தண்ணீர் ஓடியது. விமானத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். காற்றை மோந்து பார்த்தாள்.

"இன்னாயா இது? எங்க எரியுது?"

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார். நான் போய் இன்ஜினைச் சேற்றிலிருந்து பிடுங்கி, சைலன்சர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகித் திறந்தேன். உள்ளே கருப்பாக ஒரு கட்டி.

கன்னியம்மா குனிந்து பார்த்தாள். ஒரு குச்சியால் நெம்பினாள். அடியில் கருகாமல் மிச்சமிருந்த நூல் மாம்பழ மஞ்சளில் இருந்தது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"இது நம்ம வூட்டுக் கழிவாச்சே."

"நான்தான் குடுத்தேன்" என்றார் ஏகாம்பரம்.

"குடுத்துட்டு என்னையும் பேர் சொல்லிக் கூப்ட்டியே. வந்து வுழுந்து சாவுடின்னா?"

அதற்குள் குடங்களோடு தெரு முழுக்க மைதானத்துக்கு வந்துவிட்டது. விஷயம் தெரிந்து சிலர் சிரித்தார்கள். சிலர் வைதார்கள். ஒரு கிழவர், "காலங்காத்தால நெஞ்சே நின்னுடிச்சிபா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் கம்பியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். உடைந்த இறக்கையைப் பொறுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஏகாம்பரத்தின் முன்னால் நின்றார்.

"சரி ஏகாம்பரம். முடிஞ்சுது. ஹெட்மாஸ்டர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். நீங்க யாரும் வர வேண்டாம்."

கன்னியம்மாதான் பேசினாள்.

"இன்னா முடிஞ்சிது? முன்ன அது கத்திக்கினு இருந்தப்ப எங்க வூட்டுக் கோழிகூட அந்தப் பக்கம் போகாது. இன்னிக்கி அது ஊமையா சுத்துது, நான் வந்து மாட்டிக்கினேன். எம் பின்னாடி புள்ளத்தாச்சி ஒருத்தி வந்திருந்தா? சத்தம் வேணும்யா அதுக்கு."

"நீங்கதானேம்மா வேண்டாம்னேள்?" என்றார் வாத்தியார்.

"நெய்யறவங்க காதுல வுழ வேணாம். நடந்து வர்றவ காதுல வுழணும்."

"ரெண்டும் ஒரே காதுதானே?"

"காது ஒண்ணுதான். எடம் வேறல்ல?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எப்படிச் செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது. செய்ய வேண்டியது என்ன என்று முதல் தடவையாகத் தெரிந்தது. அதற்குத்தான் தலையாட்டினேன். ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு வாட்டி பாக்கலாம்" என்றார். அது சரி என்று ஆகாது. வேண்டாம் என்றும் ஆகாது.

திரும்பி வருகிற வழியில் வாத்தியார் சொன்னார்: "நீ கத்தி நான் கேட்டதே இல்லையே முனுசாமி. அதான் ஏன்னு கேக்கலை." அவ்வளவுதான். அந்த விமானத்தைச் செய்ய அவருக்கு எத்தனை மாதம் ஆனது என்று நானும் கேட்கவில்லை.

உங்களுக்கு இதில் இருப்பது இது. கூட வேலை செய்கிறவர் காரணம் கேட்காமல் உங்கள் சொல்லைக் கேட்க வேண்டுமானால், சாதாரண நாளில் அதிகம் கத்தாதீர்கள். ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் கத்துகிறவன் குரல் அவசரத்துக்கு உதவாது.

பிறகு சைலன்சர். ஒரு பலகையில் இன்ஜினைத் திருகி மைதானத்தின் நடுவில் வைத்தோம். தெருவில் தறி ஓடுகிற நேரமாகப் பார்த்துப் போனோம். ஏகாம்பரமும் கன்னியம்மாவும் தங்கள் தறியில். வாத்தியார், மைதானத்துக்கு ஆட்கள் நடந்து வருகிற சந்தின் முனையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவர் ஆர்வத்தில் கேட்காமலேயே தூக்கிவிடுவார். ஏமாற்றுகிறாரா என்று பார்க்க நான் இரண்டு தடவை இன்ஜினைக் கிளப்பாமலேயே சும்மா இருந்தேன். ஒரு தடவை தூக்கிவிட்டார். "மனசுல கேட்டுது" என்றார்.

வாய்த் துளையைச் சின்னதாக வைத்தால் தறியில் நன்றாக இருந்தது, சந்து முனையில் கேட்கவில்லை. பெரிதாக்கினால் சந்தில் கேட்டது, தறியில் ஏகாம்பரம் மிதியை விட்டுவிட்டு எழுந்து வந்தார். துளையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கூட்டினால் இங்கே உதைத்தது. குறைத்தால் அங்கே உதைத்தது. அளவை மாற்றிக்கொண்டே இருந்தவன் அதில் ஒரு வழியும் காணாமல், அறையின் நீளத்தை மாற்றலாம் என்று ஒரு அலுமினியத் தடியை எடுத்து நீளமாக ஒன்று கடைந்தேன். சுவரை மெல்லிசாக எடுத்தேன், எடை ஏறாமல் இருக்க. வாயைப் பின்னால் வைக்காமல் தரையைப் பார்த்து வைத்தேன்.

கிளப்பினேன். சத்தம் குறைந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வேறு மாதிரி இருந்தது. முன்னே 'கீ' என்று இழுத்தது. இப்போது 'உம்' என்று அடித்தொண்டையில் இருந்தது. வாத்தியார் கையைத் தூக்கினார். நான் ஏகாம்பரம் வீட்டுப் பின்கதவைப் பார்த்தேன். யாரும் எழுந்து வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போய்க் கதவோரம் நின்று கேட்டேன். உள்ளே "வுடு" என்று அவர் சொன்னதும், "ஆச்சு" என்று அவள் சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நடுவில் நிற்கவில்லை.

எண்ணெய் தீர்ந்து இன்ஜின் நின்ற பிறகு ஏகாம்பரம் தலையை நீட்டினார்.

"இன்னா பண்ண?"

"ஏன், கேக்குதா?"

"கேக்குதுபா. ஆனா அது இப்ப ஆம்பள கொரலு. இவ கொரலு தனியா வருது."

முன்னே இருந்த கீச்சுச் சத்தம் கன்னியம்மாவின் குரல் போகிற அதே உயரத்தில் போய், அதை மூடிக்கொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கியதும் இரண்டும் பிரிந்துவிட்டன. இது அன்றைக்கு எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. இன்றைக்குச் சொல்கிறேன். சைலன்சர் செய்கிறபோது எவ்வளவு சத்தம் என்று மட்டும் பார்க்காதீர்கள். என்ன சத்தம் என்று பாருங்கள். அந்த இடத்தில் வேறு என்ன சத்தம் பிழைக்க வேண்டும் என்றும் பாருங்கள். முழுக்க ஊமையாக்கித் தரச் சொல்லி யாராவது கேட்டால், பக்கத்தில் நடமாடுகிறவர்கள் யார் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வாத்தியார் புது விமானம் செய்ய நாள் எடுத்துக்கொண்டார். தயாரானதும் ஒரு சாதாரண வேலை நாளில் போனோம். இந்த முறை மரத்தடியில் பெரியவர்கள் நிற்கவில்லை. ஏகாம்பரம் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "சேலை முடிக்கணும், வேலை இருக்குது, நீங்க வுடுங்க. தொந்தரவா இருந்தா நானே வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாத்தியாருக்கு அது கஷ்டமாக இருந்தது. எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மூடின கதவை என்ன பார்ப்பது?

"விடலாமா?" என்றார்.

"விடலாம் சார்."

விட்டேன். விமானம் ஏறியது. நல்ல பலத்தோடு சுற்றியது. வாத்தியார் விமானத்தைப் பார்த்தார். நான் கதவுகளைப் பார்த்தேன். தெருவில் தறிச் சத்தம் ஒரே சீராக இருந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

சந்து வழியாக ஒரு பெண் வந்தாள். நனைத்த பட்டு நூல் கண்டுகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு சாயப் பட்டறைக்குப் போகிறவள். வெளியூர்க்காரி, நான் அவளை முன்னே பார்த்ததில்லை. தலையில் பாரம் இருந்ததால் குனிந்தபடியே வந்தாள். சந்து முனைக்கு வந்ததும் நின்றாள். பாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். விமானம் எந்த வட்டத்தில் வருகிறது என்று கண்ணால் அளந்தாள். அந்த வட்டத்துக்கு வெளியிலேயே சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.

எண்ணெய் தீர்ந்தது. விமானம் இறங்கி, உருண்டு, நின்றது. அவள் மைதானத்தைக் கடந்து போனாள்.